விண்மீன் காணும் இரவுக்கு வானிலைச் செயலியைத் தேர்தல்

(நாகபுரியில் நமது தமிழ்ச் சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் பேசுவோர் பட்டம் பெற்ற அறிஞர்கள். இப்பொழுது உங்கள் முன் நிற்பவரோ பள்ளியிறுதித் தேர்வுடன் கல்வியை முடித்துக்கொண்டு, இருப்புப்பாதை அலுவலகத்தில் எழுத்தராக அமர்ந்து, நாற்பது வயதைக் கடந்தும் பதிவேடுகளோடு நாளைக் கழிக்கும் ஒருவர். ஆயினும் நமது சங்கத்தில் இரவு வானத்தைக் காண்பதில் விருப்பமுடைய அறுவர் சேர்ந்த சிறு குழு ஒன்று உண்டு. அக்குழுவின் சார்பில் பேசுவதால் ‘யாம்’ என்று கூறுகிறோம், பெருமைக்காக அன்று. பிழை இருப்பின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

பிறந்த ஊரை விட்டு வந்தவர்க்கு வானமே பழைய துணை என்று சிலர் கூறுவர். அது முற்றும் உண்மையன்று. வானமும் சிறிது மாறவே செய்கிறது. மதுரையில் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 10 பாகை உயரத்தில் நிற்கும் துருவ விண்மீன், இந்த நாகபுரியில் 21 பாகை உயரத்தில் நிற்கின்றது. தென்திசையில் ஒளிவிடும் அகத்திய விண்மீனோ மதுரையில் 27 பாகை வரை எழுவது, இங்கே 16 பாகைக்கு மேல் எழுவதில்லை. நம் ஊர் விண்மீன் இங்கே தாழ்ந்து நிற்கிறது. அதைக் குழந்தைகளுக்குக் காட்ட வேண்டுமானால் தெளிந்த அடிவானம் வேண்டும். அதற்குத் தெளிந்த இரவு வேண்டும். அந்த இரவை முன்னரே அறிய வேண்டும். இன்றைய பேச்சின் பொருள் அதுவே. கைப்பேசியில் கிடைக்கும் வானிலைச் செயலிகளுள் எதை நம்புவது, எவ்வாறு நம்புவது என்பது.

இது அற்பப் பொருள் என்று எண்ணிவிடாதீர்கள். எம் குழு உண்டானதே ஒரு பெரியவரால். சரக்கு வண்டியில் கார்டாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். வண்டியின் கடைசிப் பெட்டியில், துணையின்றி, இரவெல்லாம் காட்டு வழியில் சென்றவர். நடுக்காட்டு நிலையங்களில் விரைவு வண்டிகளுக்கு வழிவிட்டு மணிக்கணக்கில் நின்ற வேளைகளில் அவருக்கு வானமே நூலாயிற்று. எம்மில் ஒருவருக்கும் கார்த்திகை மீன் கூட்டத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத காலத்தில், எமக்கு விண்மீன்களை ஒவ்வொன்றாகக் காட்டியவர் அவரே. ஓய்வு பெற்ற பின் நகரத்து விளக்கொளியில் அவர் பால்வழியைக் காணவில்லை. “தம்பி, ஒருமுறை இருட்டுள்ள இடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். விடியுமுன் தென்கிழக்கில் பால்வழியின் நடுப்பகுதி எழுவதை இன்னொரு முறை பார்த்துவிட்டால் போதும்,” என்று எம்மிடம் கேட்டார். அவருக்கு அப்போது வயது எழுபத்தாறு.

பங்குனி அமாவாசையைத் தேர்ந்தோம். அந்நாளில் பால்வழியின் நடுப்பகுதி விடியற்காலை நான்கு மணியளவில் நன்கு உயர்ந்து நிற்கும். நகரிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் உள்ள ஒரு சிற்றூரின் வயல்வெளியை இடமாகக் கொண்டோம். அன்று மாலை எம் கைகளில் ஐந்து செயலிகள் இருந்தன. நான்கு செயலிகள் ‘தெளிந்த வானம்’ என்றன. ஒன்று மட்டும் உயர்முகில் நூற்றுக்குத் தொண்ணூறு என்றது. நால்வர் சொல்லும்போது ஒருவர் சொல்லை யார் கேட்பர்? வண்டிக்கு முன்பணம் கொடுத்தாயிற்று என்பதும் அம்முடிவுக்கு ஒரு காரணம் என்பதை இன்று மறைப்பதற்கில்லை. நள்ளிரவில் புறப்பட்டுச் சென்றோம். வானம் முழுவதும் மெல்லிய கீற்று முகில், பாலில் தோய்த்த துணி விரித்தாற் போலக் கிடந்தது. பெரிய விண்மீன்கள் சில மங்கலாகத் தெரிந்தன, பால்வழி தெரியவில்லை. பெரியவர் நாற்காலியில் அமர்ந்து விடியும் வரை மேலே பார்த்துக்கொண்டேயிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை.

அடுத்தது சித்திரை அமாவாசை. இம்முறை எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று உறுதி கொண்டோம். காலையில் எடுத்துப் பார்த்தபோது செயலியில் அந்த நாளுக்கு எதிரே முகிலும் இடியும் சேர்ந்த படம் இருந்தது. பிற்பகலில் மேற்கே கருமுகில் திரண்டதையும் கண்டோம். பயணத்தை நிறுத்திவிட்டோம். மறுநாள் காலையில் பெரியவரைக் கண்டபோது, “இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது. மாடிக்குப் போனேன். முகில் ஒன்றுகூட இல்லை,” என்றார். குறை கூறும் குரலில் சொல்லவில்லை. வண்டி எத்தனை மணிக்கு வந்தது என்று பதிவேட்டில் எழுதுவது போலச் சொன்னார்.

வைகாசியில் அவர் நோயுற்றார். ஆனியில் மழை வந்துவிட்டது. இங்கே ஆனி நடுவிலிருந்து புரட்டாசி வரை விண்மீன் காண்பாரின் வானம் பூட்டப்பட்ட வீடு என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆடி மாதத்தில் அவர் மறைந்தார். அந்த இரண்டு இரவுகளும் எம் அறியாமையால் வீணாயின. வானத்தின் மீது பழி இல்லை. செயலிகளின் மீதும் பழி இல்லை. ஆகவே அவற்றின் பெயர்களை இங்கே கூறவில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டோம். அதன் பிறகே செயலிகளைப் பற்றி முறையாகக் கற்கத் தொடங்கினோம். கற்றவற்றை உங்கள் முன் வைக்கிறோம்.

முதலாவது, செயலி வேறு, கணிப்பு வேறு. வானிலையைக் கணிப்பவை சில பெரு நிலையங்களே. உலகத்தின் காற்று மண்டலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வெப்பம், ஈரம், காற்று, அழுத்தம் ஆகியவை எவ்வாறு மாறும் என்று மாபெரும் கணினிகள் கணக்கிடுகின்றன. இத்தகைய கணக்கை இங்கிலாந்து நாட்டு அறிஞர் ரிச்சர்ட்சன் கையால் செய்து பார்த்து, 1922-இல் நூலாக வெளியிட்டார். ஆறு மணி நேர வானிலைக்கு அவருக்கு ஆறு வாரம் பிடித்தது, விடையும் பொருந்தவில்லை. 1950-இல் அமெரிக்காவில் முதன்முதலாகக் கணினியால் அக்கணக்கைச் செய்தனர். இன்று அமெரிக்காவின் ஜி.எஃப்.எஸ். என்னும் கணிப்பு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கட்டத்திலும், ஐரோப்பிய நடுவத்தின் கணிப்பு ஏறத்தாழ 9 கிலோமீட்டர் கட்டத்திலும், ஜெர்மனியின் ஐகான் என்னும் கணிப்பு ஏறத்தாழ 13 கிலோமீட்டர் கட்டத்திலும் நடைபெறுகின்றன. நம் நாட்டில் புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய 6 கிலோமீட்டர் கட்டக் கணிப்பு, ‘பாரத் முன்னறிவிப்பு முறை’ என்னும் பெயரால் 2025 மே 26-ஆம் நாள் தொடங்கி வைக்கப்பட்டது.

செயலிகளோ ஆயிரக்கணக்கில் உள்ளன. அவற்றுள் மிகப் பல இக்கணிப்புகளுள் ஒன்றை வாங்கி, தம் வண்ணத்தில் படம் போட்டுக் காட்டுவனவே. பங்குனி இரவில் எமக்குத் ‘தெளிவு’ என்று சொன்ன நான்கு செயலிகளும் ஒரே கணிப்பை எடுத்து உரைத்தவை என்று பின்னர் அறிந்தோம். அதைப் பெரியவரிடம் சொன்னபோது, “கண்ட்ரோல் ஒன்று, தொலைபேசி நான்கு. நீங்கள் நான்கு இடத்தில் விசாரித்ததாக எண்ணிக்கொண்டீர்கள்,” என்று சிரித்தார். ஆதலின், ஒரு செயலியைத் தேர்வதற்கு முன், அது எந்தக் கணிப்பைச் சொல்கிறது என்று பாருங்கள். அதைச் சொல்லாத செயலியை ஒதுக்குங்கள். இரண்டு செயலிகள் வைத்துக்கொள்வதானால், வெவ்வேறு கணிப்புகளைச் சொல்லும் இரண்டை வைத்துக்கொள்ளுங்கள். வின்டி என்னும் செக் நாட்டுச் செயலியில் ஐரோப்பிய, அமெரிக்க, ஜெர்மானியக் கணிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக மாற்றிப் பார்க்க இயலும். மூன்றும் ஒத்துச் சொன்னால் நம்பிக்கை கூடும். மாறுபட்டுச் சொன்னால் அந்த மாறுபாடே ஒரு செய்தி: ‘இவ்விரவு உறுதியில்லை’ என்னும் செய்தி.

இரண்டாவது, நாளுக்குரிய படத்தை நம்பற்க. மணிக்குரிய கணக்கை நாடுக. பொது மக்களுக்கான செயலிகள் குடை வேண்டுமா, துணி உலருமா என்னும் கேள்விக்கு விடை தருவன. ஒரு நாளுக்கு ஒரு படம் போடும்போது பகற்பொழுதின் இடிமழையே அப்படத்தில் இடம் பெறும். சித்திரை மாதத்து முகில்கள் வெயிலின் சூட்டால் பிற்பகலில் கிளம்புவன. கதிரவன் மறைந்து தரை குளிரத் தொடங்கியதும் அவற்றுள் பெரும்பாலானவை கரைந்துபோகும். யாம் பிற்பகலுக்குரிய படத்தைப் பார்த்து, பின்னிரவைக் கைவிட்டோம். இரவு ஒன்பது முதல் விடியற்காலை ஐந்து வரை மணிவாரியாகக் காட்டாத செயலி நமக்கு உதவாது.

மூன்றாவது, முகில் மூன்று அடுக்கு. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயரத்துக்குள் இருப்பது தாழ்முகில். அதற்கு மேல் 6 கிலோமீட்டர் அளவில் இருப்பது இடைமுகில். அதற்கும் மேலே பனித்துகளால் ஆன கீற்று முகில் உயர்முகில். மழைக்கு உதவாத உயர்முகிலைப் பொதுச் செயலிகள் பல பொருட்படுத்துவதில்லை. பகலில் வெயிலும் அதன் ஊடே வந்துவிடும். ஆனால் பால்வழியை மறைப்பதற்கு அந்தக் கீற்றே போதும். எனவே மூன்று அடுக்குகளையும் தனித்தனியே நூற்றுவீதத்தில் காட்டும் செயலியையே தேர வேண்டும். ‘கிளியர் அவுட்சைடு’ என்னும் இங்கிலாந்துச் செயலி, விண்மீன் காண்பார்க்கென்றே தொலைநோக்கி விற்கும் நிறுவனம் ஒன்றால் அமைக்கப்பட்டது. அது ஏழு நாளைக்கு, மணிக்கு மணி, மூன்று அடுக்கு முகிலையும், பனிநிலையையும், நிலவு எழுந்து மறையும் நேரத்தையும் இலவசமாகக் காட்டுகிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் தீட்டியும் காட்டுகிறது. இருப்புப்பாதையில் பணிபுரிவோர்க்கு இந்நிறங்களின் பொருளை விளக்க வேண்டுவதில்லை! ஆயினும் பச்சை விளக்கு அங்கே ஆணை. இங்கே அது கருத்து மட்டுமே என்பதை நினைவில் கொள்க.

நான்காவது, முகிலின்மை மட்டும் தெளிவாகாது. காற்றில் தூசும் புகையும் மிகுந்தால் முகில் இல்லாத வானமும் சாம்பல் பூத்துக் கிடக்கும். அறுவடைக்குப் பின் வயல்களில் மூட்டும் தீயும், கோடையின் புழுதியும் இதற்குக் காரணம். ஐரோப்பாவின் கோப்பர்னிக்கஸ் திட்டம் காற்றிலுள்ள துகளளவையும் முன்கூட்டிக் கணிக்கிறது. வின்டி செயலியில் அதையும் காணலாம். மற்றொன்று பனி. காற்றின் வெப்பத்துக்கும் பனிநிலை வெப்பத்துக்கும் இடையே இரண்டு பாகை வேறுபாடே இருக்குமானால், தொலைநோக்கியின் கண்ணாடி நனைந்துவிடும். மார்கழி, தை மாதங்களில் வயல்வெளியில் மூடுபனியும் இறங்கலாம். ஆகவே வெப்பம் ஒரு வரியிலும் பனிநிலை மறு வரியிலும் தரும் செயலி மேலானது.

ஐந்தாவது, எதைக் காணப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்க. பால்வழியையும் மங்கலான ஒளிமுகில்களையும் காண்பதற்கு வானத்தின் தெளிவு வேண்டும். வியாழனின் பட்டைகளையும் சனியின் வளையத்தையும் காண்பதற்குக் காற்றின் அமைதி வேண்டும். இவ்விரண்டும் ஒன்றல்ல. மழை கழுவிவிட்ட வானம் மிகத் தெளிவாக இருக்கும். ஆயினும் மேல்காற்று கொந்தளித்தால் விண்மீன்கள் படபடவென்று மின்னும். தொலைநோக்கியில் வியாழன் கொதிநீரில் கிடக்கும் காசு போல நெளியும். குளிர்காலத்தில் வட இந்தியாவின் மேலே, ஏறத்தாழ 12 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கே விரையும் ஜெட் காற்று இதற்கு ஒரு பெருங்காரணம். சுவிட்சர்லாந்து நாட்டின் மீடியோப்ளூ, வானோக்கர்க்கென்று தனிப்பக்கம் அமைத்து, காற்றின் அமைதியையும் ஜெட் காற்றின் விரைவையும் எண்களால் தருகிறது. ‘செவன்டைமர்’ என்பது அமெரிக்கக் கணிப்பை எடுத்து, மூன்று நாளைக்கு, மூன்று மணிக்கு ஒருமுறை, முகில், தெளிவு, அமைதி மூன்றையும் காட்டுகிறது. அயல்நாட்டு வானோக்கர் பெரிதும் புகழும் ‘கிளியர் ஸ்கை சார்ட்’ வட அமெரிக்காவுக்கு மட்டும் உரியது; நாகபுரிக்கு அது உதவாது. புகழைக் கேட்டுத் தேடி ஏமாற வேண்டா.

ஆறாவது, திசையையும் கணக்கில் கொள்க. செயலியில் நாம் நிற்கும் ஊரின் பெயரையே இடுகிறோம். ஆனால் பார்ப்பது தலைக்கு நேர்மேலே அன்று. பால்வழியின் நடுப்பகுதி 30 பாகை உயரத்தில் இருக்கும்போது நம் பார்வை செல்லும் வழியில், 10 கிலோமீட்டர் உயரத்து முகில் நம்மிடமிருந்து 17 கிலோமீட்டர் தென்கிழக்கே இருக்கும். 16 பாகையில் நிற்கும் அகத்தியரைக் காணும்போதோ அம்முகில் 35 கிலோமீட்டர் தெற்கே இருக்கும். அங்குள்ள ஊரின் பெயரையும் இட்டுப் பாருங்கள். யாம் இதை அறிவதற்குப் பல இரவுகள் ஆயின.

ஏழாவது, காலத்தை ஏணிப்படி போலக் கொள்க. முதற்படி பஞ்சாங்கம். அமாவாசையும் அதன் அருகிலுள்ள இரவுகளும் எவை என்பதற்குச் செயலி வேண்டுவதில்லை. வீட்டுச் சுவரில் தொங்கும் நாட்காட்டியே போதும். கதிரவன் மறைந்து ஒன்றேகால் மணி நேரம் சென்ற பின்னரே இங்கே முழு இருள் வரும் என்பதையும் சேர்த்துக் கொள்க. பத்து நாளைக்கு அப்பாலுள்ள முகிற்கணக்கை எந்தச் செயலி தந்தாலும் அதன் மீது திட்டம் கட்டாதீர்கள். மூன்று நாள் இருக்கும்போது பாருங்கள். பின் நாள்தோறும் பாருங்கள். அமெரிக்கக் கணிப்பு நாளொன்றுக்கு நான்கு முறை, நம் நேரப்படி காலை 5.30, பகல் 11.30, மாலை 5.30, இரவு 11.30 மணிகளின் நிலையைக் கொண்டு புதுப்பிக்கப்படுகிறது. விடை வெளிவர ஏறக்குறைய நான்கு மணி நேரம் செல்லும். ஒவ்வொரு முறையும் ஒரே விடை வருமானால் நம்பலாம். முறைக்கு முறை மாறுமானால் வண்டிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

இறுதிப்படி செயற்கைக்கோள் படம். முன்னறிவிப்பு என்பது கால அட்டவணை. செயற்கைக்கோள் படமோ முந்தைய நிலையத்திலிருந்து ‘வண்டி கடந்தது’ என்று வரும் செய்தி. வண்டி அருகில் வந்தபின் அட்டவணையைப் பார்த்துக்கொண்டிருப்பார் உண்டோ? நம் நாட்டின் இன்சாட்-3டிஆர் 2016-லும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17-லும் விண்ணில் ஏவப்பட்டன. இவை அகச்சிவப்புக் கதிர்களால் இரவிலும் முகிலைப் படம் பிடிக்கின்றன. 1875-இல் தோன்றிய இந்திய வானிலைத் துறை அப்படங்களை வெளியிடுகிறது. அடுத்தடுத்த நான்கைந்து படங்களைப் பார்த்தால் முகில் எத்திசையில் நகர்கிறது என்பது புலனாகும். ஒன்றை மட்டும் மறவாதீர்கள். உயரத்துக் குளிர்ந்த முகில் அப்படத்தில் வெண்மையாகத் தெரியும். தரையை ஒட்டிய மூடுபனியோ தரையைப் போன்றே வெப்பமுடையதாதலின் கண்ணுக்குப் படாமல் போகலாம். இடிமழைக் காலத்தில் வெளியிடம் செல்வோர் பொதுமக்களுக்காக 2020 ஜூலையில் வெளியான ‘மௌசம்’ செயலியில் எச்சரிக்கைகளையும், புனே நிறுவனத்தின் ‘தாமினி’ செயலியில் அருகில் மின்னல் விழுகிறதா என்பதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். குழந்தைகளை வெட்டவெளிக்கு அழைத்துச் செல்லும்போது விண்மீனைவிட உயிரே பெரிது.

எட்டாவதாகக் கூறப்போவது எழுத்தர் ஒருவர்க்கே உரியது: பதிவேடு வையுங்கள்! ‘எந்தச் செயலி சிறந்தது?’ என்று பலரும் எம்மைக் கேட்கிறார்கள். அதற்கு விடை சொல்ல வேண்டியவர் யாமும் அல்லர், விலை கொடுத்து வாங்கச் சொல்லும் விளம்பரமும் அன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் கோடுகள் இட்டு, நாள், செயலியின் பெயர், முன்மாலை அது சொன்னது, இரவு பத்து மணிக்கும் விடியற்காலை நான்கு மணிக்கும் மாடியில் நின்று நீங்கள் கண்டது என்று எழுதி வாருங்கள். மூன்று மாதம் எழுதினால் உங்கள் ஊருக்கு எது பொருந்தும், எந்தப் பருவத்தில் எது தவறும் என்பது தானே விளங்கும். ஒரு செயலி எப்போதும் முகிலைச் சற்று மிகுத்துச் சொல்வதாகத் தெரிந்தால், அதுவும் பயன் உடையதே. எப்போதும் ஐந்து நிமிடம் விரைந்து ஓடும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நாம் வண்டியைப் பிடிக்கவில்லையா?

இவ்வளவும் கற்ற பின், பெரியவர் மறைந்த மறு ஆண்டு பங்குனி அமாவாசையில், அவருடைய பேத்தியையும் சங்கத்துச் சிறுவர் எண்மரையும் அழைத்துக்கொண்டு அதே வயல்வெளிக்குச் செல்லத் திட்டமிட்டோம். மூன்று நாளாக இரண்டு கணிப்புகளும் ஒத்துச் சொல்லவில்லை. ஒன்று இரவு முழுதும் தெளிவு என்றது; மற்றொன்று நள்ளிரவுக்குப் பின் சிறிது நேரம் உயர்முகில் கடக்கும் என்றது. இம்முறை வண்டிக்காரரிடம் இரவு பத்து மணிக்கே முடிவு சொல்வோம் என்று முன்னரே பேசியிருந்தோம். பத்து மணிக்குச் செயற்கைக்கோள் படங்களை வரிசையாகப் பார்த்தோம். மேற்கே ஒரு மெல்லிய வெண்பட்டை. அதற்குப் பின்னால் வெற்றிடம். பட்டை கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தது. ‘மூன்று மணிக்குள் கடந்துவிடும்’ என்று கணக்கிட்டோம். சிற்றூரில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காது என்பதால் படங்களைச் சேமித்துக்கொண்டு புறப்பட்டோம்.

வயலை அடைந்தபோது வானம் முன்னாண்டு போலவே வெளிறிக் கிடந்தது. எம் நெஞ்சம் படபடத்தது உண்மை. குழந்தைகளுள் சிலர் உறங்கிவிட்டனர். பேத்தி தன் தாத்தாவின் பழைய கைவிளக்கைக் கொண்டு வந்திருந்தாள். கார்டுகள் வைத்திருக்கும் மூன்று நிறக் கைவிளக்கு அது. இருளுக்குப் பழகிய கண்ணைச் செவ்வொளி கெடுப்பதில்லை. வெண்ணொளி பட்டால் மீண்டும் பழகுவதற்கு அரை மணி நேரம் ஆகும். இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. “தாத்தா வானம் பார்க்கும்போது சிவப்பைத்தான் திருப்புவார்,” என்றாள். மூன்று மணிக்கு மேற்கில் விண்மீன்கள் கூர்மை பெற்றன. மூன்றரைக்கு முகில் முழுவதும் கிழக்கே ஒதுங்கியது. நான்கு மணிக்குத் தென்கிழக்கில் பால்வழி, வெண்புகை எழுந்தாற் போல நின்றது. குழந்தைகளை எழுப்பினோம். சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவள் விளக்கை அணைத்துவிட்டு, “இதைத்தானே மாமா, தாத்தா கேட்டார்?” என்றாள். ஆம் என்றோம். வேறு சொல்ல எமக்கு வாய் வரவில்லை.

அன்பர்களே, நம் நாகபுரிக்கு அருகில் உள்ள பெஞ்ச் புலிகள் காப்பகம் 2024 ஜனவரியில் இந்தியாவின் முதல் இருள்வானப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. இத்தகைய இருள் நம் வாயிலில் இருக்கும்போது அதைக் காணாமல் இருப்பது நமக்குப் பெருமையாகாது. வள்ளுவர் காலமறிதல், இடனறிதல், தெரிந்துதெளிதல் என்று மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். காலத்துக்கு நாட்காட்டியும், இடத்துக்கு இருள் சூழ்ந்த வயலும் நமக்கு உண்டு. மூன்றாவதில்தான் யாம் தவறினோம். ஆராய்ந்து தெளியாமல் நம்பியதும், விரும்பியதைச் சொன்னவரை நம்பியதும் எம் பிழைகள். உங்கள் வீட்டிலும் வானம் காண விரும்பும் முதியவர் இருக்கலாம். ‘அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளாதீர்கள். அடுத்த அமாவாசை வரும். வானமும் ஒருநாள் தெளியும். ஆனால் எல்லோரும் காத்திருக்க இயலாது.

எம் பதிவேடு சங்க நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது. யாவரும் எடுத்துப் பார்க்கலாம். தாம் கண்டதையும் அதில் எழுதலாம்.